சற்குணம் நடத்திய மாநாடு

கல்லூரியில் எல்லோரும் சற்குணத்தை அக்கா என்றே கூப்பிட்டார்கள். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும்கூட, அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்றார்கள். முதல் நாள் அவள் வகுப்பறைக்குள் நுழைந்தபோது விரிவுரையாளர் வந்துவிட்டார் என்று பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. முகம் சிவக்க, நேராகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பலகையில் எழுதியது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வெட்கத்தை விட்டு முதல் வரிசைக்கு வந்துவிட்டாள்.

கண்ணைக் கெடுத்தது கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் இருந்த தொழிற்சாலை. அவள் அப்பா ஐயாத்துரை ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். ஒரு நாள் மேசையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூத்த பெண் சற்குணம், பின்னால் தம்பிமார். பத்தொன்பது வயதில் அவள் வேலைக்குப் போனாள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை அலுவலகத்துக்குப் போகலாம், பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். கிலாங்குக்குப் போவதா என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். தொழிற்சாலையை அந்த ஊரில் எல்லோரும் கிலாங் என்றுதான் சொல்வார்கள். மூக்கைச் சுளித்தவர் யாரும் ஒரு படி அரிசி கொண்டுவந்து வைக்கவில்லை. சற்குணம் தினமும் பெரிப் படகில் ஏறி அக்கரைக்குப் போனாள்.

முதலில் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து மயிரிழை போன்ற கம்பிகளை ஒட்டும் வேலை. கண் மங்கத் தொடங்கியதும் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். சின்னச் சின்னப் பலகைகளை ஒரு திரவத்தில் முக்கி எடுக்க வேண்டும். அதற்கு இனிப்பான ஒரு வாடை. மாலையில் தலை லேசாகச் சுற்றும். பக்கத்து இருக்கையில் சந்திரிகா. தாசேக் கெலுகோரில் ரப்பர் வெட்டுகிறவர்களின் மகள், சற்குணத்தைவிட இளையவள், மேற்பார்வையாளர் நடந்து போகும் நடையை அப்படியே நடித்துக் காட்டி வரிசையையே சிரிக்க வைப்பாள். இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டார்கள்.

கழுவும் பகுதியைப் பற்றி அங்கே ஒரு பேச்சு இருந்தது. யாரும் உரக்கச் சொன்னதில்லை. "அங்க உக்காந்தா பிள்ளை தங்காது."

சற்குணத்துக்குத் தங்கவில்லை. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த நாகநாதனுக்கும் அவளுக்கும் கல்யாணமாகி, முதல் இரண்டு கர்ப்பங்கள் சொல்லாமல் கொள்ளாமல் கலைந்துபோயின. மூன்றாவது ஏழாம் மாதத்தில் பிறந்தது. ஆண் குழந்தை. காலையில் பிறந்து, வெயில் சாய்வதற்குள் போய்விட்டது. மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்தபோது நாகநாதன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து கட்டிலின் அருகே நின்றான். சட்டைக் கையில் செம்மண் ஒட்டியிருந்தது. எங்கே புதைத்தான் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மாமியார் நல்லம்மா மட்டும் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "எங்கட குடும்பத்தில இப்பிடி ஒண்டும் நடக்கேல்லை. ஆருடைய உடம்பில குறையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்." கடவுளுக்கு வெளிச்சம் என்று சொல்லும்போது அவள் பார்வை மருமகளின் வயிற்றில் இருக்கும்.

சற்குணம் வேலையை விட்டாள். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, தம்பிகள் படித்து முடித்த பழைய புத்தகங்களை எடுத்து வைத்துப் படித்தாள். தோற்றாள், மறுபடி எழுதினாள். நல்லம்மா இறந்து ஒரு வருஷம் கழித்து, நோர்தாம் ரோட்டில் ஒரு பழைய சீன முதலாளியின் மாளிகையில் நடந்துகொண்டிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் சமூகவியல் படிக்க இடம் கிடைத்தது. ஏன் படிக்கப் போகிறாய் என்று நாகநாதன் கேட்டதற்கு, "வீட்டுல சும்மா இருக்க முடியல" என்றாள். அது பாதி உண்மை. காரணம் தெரிய வேண்டும் என்பது மீதிப் பாதி. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாநாடு என்ற பேச்சு கண்டீனில் பிறந்தது. வேதியியல் படித்த ஜன்னத்துக்கும் புள்ளியியல் படித்த நாகூர் மீரானுக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஜன்னத் நசி கண்டார் என்ற சோறும் குழம்பும் விற்கும் கடைக்காரரின் மகள், வாய்த்துடுக்கு. மூன்று கேள்வி கேட்டால் மீரான் ஒரு பதில் சொல்வான். ஒரு நாள் இருவரும் பிறை ஆற்று மீனைத் தின்னலாமா கூடாதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த சற்குணம் சொன்னாள்:

"ஆத்துல என்ன இருக்குன்னு ஜன்னத்துக்குத் தெரியும். எத்தனை பேருக்கு நோவுன்னு மீரானால எண்ண முடியும். மீன் பிடிக்கிறவங்ககிட்டப் போய்ப் பேச என்னால முடியும். தனித்தனியா இருந்துக்கிட்டு ஏன் கத்துறீங்க?"

"அக்கா சொல்றது சரிதான் லா," என்றாள் ஜன்னத். "நாமளே ஒரு மாநாடு போட்டா என்ன? லெக்சரர் யாரும் வேணாம். ஸ்டூடண்ட்ஸ் மட்டும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரே ஒரு விதி வைத்தார்கள்: எந்தக் கட்டுரையும் ஒரே துறையிலிருந்து வரக் கூடாது, இரண்டு துறையாவது சேர வேண்டும். கல்லூரி முதல்வர், வம்பு ஏதும் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு பெரிய கூடத்தைத் தந்தார். யார் அமைப்பாளர் என்ற கேள்வி வந்தபோது எல்லோருடைய கைகளும் அக்காவைக் காட்டின. கண்டீன் சுவரில் ஒட்டுவதற்கு அறிவிப்புத் தட்டச்சு செய்வதிலிருந்து, சட்டம் படிக்கிறவனையும் உயிரியல் படிக்கிறவளையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது வரை அவள் தலையில் விழுந்தது. அந்த மாதங்களில்தான் அவள் வீட்டில் பாடிக்கொண்டே சமைத்தாள் என்று நாகநாதன் பிற்பாடு சொன்னான்.

தன் கட்டுரை எதைப் பற்றியது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கழுவும் பகுதியில் வேலை செய்த பெண்களின் கர்ப்பங்கள். அந்தத் திரவம் என்ன என்று ஜன்னத் கண்டுபிடிக்க வேண்டும், கணக்கு மீரான் பொறுப்பு, பேசுவது சற்குணம்.

பேச வழி செய்தவள் சந்திரிகா. அவள் இன்னும் அதே கிலாங்கில்தான் இருந்தாள். லாரி ஓட்டுகிறவனைக் கட்டியிருந்தாள். அவளுக்கும் இரண்டு தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சற்குணத்தைக் கூட்டிக்கொண்டு பிறை விடுதிகளிலும் தாசேக் கெலுகோர் தோட்ட லயங்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"நம்ம சற்குணம் அக்கா. நம்மகூடக் கிலாங்குல வேலை செஞ்சவங்கதான். இப்ப யூனிவர்சிட்டில படிக்கிறாங்க. எல்லாத்தையும் எழுதி மாநாட்டுல வைக்கப் போறாங்க. அப்புறம் எவளும் நம்மள மலடின்னு சொல்ல முடியாது, பாருங்க."

பெண்கள் சொன்னார்கள். கையிலிருந்த வேலையை நிறுத்தாமல், வெங்காயம் உரித்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே சொன்னார்கள். சிலர் பெயர் வைத்திருந்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே தொடங்கி, நடுவில் எழுந்து உள்ளே போனவள் திரும்பி வரவேயில்லை. சற்குணம் கேட்டு எழுதினாள். தன் கதையையும், மற்றவர்களைப் போலவே, பெயரில்லாமல் அதில் சேர்த்தாள். சந்திரிகா போகிற இடமெல்லாம் கொடுத்த வாக்கு மட்டும் அவள் காதில் உறுத்தியது. இன்னும் ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுப்பாள். சந்திரிகாவின் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வராது. தெரிந்துவிடும் என்று அவளும்தான் நம்பியிருந்தாள்.

மாநாட்டுக்கு முந்தின வாரம், மீரான் கண்டீனில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"அக்கா, கணக்கு முடிஞ்சுது."

"சொல்லு."

"கழுவுற இடத்துல இருந்தவங்களுக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனா ஆள் பத்தாது. வேற வேலை செய்யறவங்களுக்கும் கலைஞ்சிருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகூட வரலாம். நாலு தடவை போட்டுப் பார்த்துட்டேன்."

"அப்படின்னா?"

"அதுதான் காரணம்னு சொல்ல முடியாதுக்கா."

ஜன்னத்தின் பக்கமும் வெறுங்கைதான். என்ன திரவம் என்று கேட்டு அவள் எழுதிய கடிதத்துக்கு நிர்வாகம் பதில் போடவில்லை. அந்தத் திரவத்தை மாற்றியும் சில வருஷமாகிவிட்டது. வாடையை வைத்து ஊகிக்கலாம். ஊகத்தைக் கட்டுரையில் எழுத முடியாது.

"எனக்கு ஒரு வழி தெரியுது," என்று குரலைத் தாழ்த்தினாள் ஜன்னத். "கழுவுற இடத்துல இருந்தும் நல்லபடியா பெத்தவங்க கொஞ்ச பேர் இருக்காங்கல்ல? அதுல பாதிப் பேர் கொஞ்ச நாள்தான் வேலை செஞ்சாங்க. அவங்கள எடுத்துட்டா கணக்கு மாறிடும். யாருக்குத் தெரியப் போவுது? பொய்கூட இல்லக்கா. உண்மை அதுதானே, நமக்கே தெரியும்."

மீரான் தலையைக் குனிந்துகொண்டான். மாறும் என்பதை அவனும் பார்த்திருந்தான் என்பது அந்தக் குனிவிலேயே தெரிந்தது.

சற்குணத்துக்கு ஆசை வந்தது. சாதாரண ஆசை இல்லை, உடம்பெல்லாம் பரவிய ஆசை. ஒரு வரி மாறினால் போதும். நல்லம்மாவின் பார்வை பொய்யாகிவிடும். ஆனால் அந்த வரியைத் தானே எழுதிவிட்டு, பிறகு எந்த ஒரு நாளாவது அதைத் தன்னால் நம்ப முடியுமா? நம்ப முடியாத பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குழந்தை போன பிறகு ஒன்பது வருஷம் அவள் காத்திருந்தது அதற்கல்ல.

"வேணாம் ஜன்னத்," என்றாள். "இருக்கிறத இருக்கிறபடியே வைப்போம்."

"அக்கா, அந்த அக்காமாருக்கெல்லாம் என்ன சொல்லுவீங்க?"

சற்குணம் மேசையிலிருந்த தாள்களை அடுக்கி மீரானிடம் நீட்டினாள்.

மாநாடு ஒரு சனிக்கிழமை. கூடம் நிறைந்துவிட்டது. கடல் பக்கத்து ஜன்னல்களைத் திறந்து வைத்ததால் தாள்கள் பறந்தன. முதல் வருஷப் பிள்ளைகள் துரத்திப் பிடித்தார்கள். ஜன்னத்தின் அத்தா அப்துல் அஜீஸ் தன் கடைச் சோற்றை இரண்டு அண்டாவில் வேனில் கொண்டுவந்து இறக்கினார். சட்டமும் உயிரியலும் சேர்ந்து சதுப்புநிலக் காட்டைப் பற்றிப் பேசின. பொறியியலும் வரலாறும் சேர்ந்து பழைய வீடுகளின் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசின. தொடக்கத்தில் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த விரிவுரையாளர்கள் மதியத்துக்குள் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள். எல்லாம் கைகூடி வந்த அந்த நாளில், அமைப்பாளர் மட்டும் பின்வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்வாசல் வழியாகச் சந்திரிகா வந்தாள். கூட இன்னும் சில பெண்கள். லீவு போட்டு, பட்டுச் சேலை கட்டி, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்தார்கள். சந்திரிகா மேடையைப் பார்த்துக் கையசைத்தாள்.

சற்குணம் ஆங்கிலத்தில் வாசித்தாள். பெண்கள் சொன்னதைச் சொன்னாள், எண்ணிக்கையைச் சொன்னாள். கடைசியில், "எங்களிடம் உள்ள தகவல்களைக் கொண்டு காரணத்தை நிறுவ முடியவில்லை" என்ற வரிக்கு வந்தாள். வாசித்தாள். கூடம் பலமாகக் கை தட்டியது. பின்வரிசைப் பெண்களும் தட்டினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது அவர்கள்தான்.

தேநீர் இடைவேளையில் சந்திரிகா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்னமா பேசுனீங்க! ஒண்ணும் புரியலதான். அவ்வளவு பேரும் தட்டுறாங்களே! கம்பெனிதான் காரணம்னு சொல்லிட்டீங்கல்ல? எங்க வீட்டுக்காரரு வெளிய மோட்டர் சைக்கிளோட நிக்கிறாரு. வந்து அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. அவங்க அம்மா வேற பொண்ணு பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க."

"சந்திரி, நான் அப்படிச் சொல்லல."

"பின்ன?"

"ஆள் பத்தல. இன்னும் நிறைய பேரப் பார்க்கணும். இப்ப இருக்கிறத வச்சு, அதுதான் காரணம்னு சொல்ல முடியல."

சந்திரிகாவின் கை நழுவியது. கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப எங்க உடம்புலதான் கோளாறா?"

"இல்ல சந்திரி. தெரியலன்னுதான் அர்த்தம். அது இல்லன்னு அர்த்தமில்ல. தெரியல, அவ்வளவுதான்."

"எங்க மாமியாருக்கு அது ரெண்டும் ஒண்ணுதான்கா," என்றாள் சந்திரிகா. கோபமாகச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "வீடு வீடா நான்தானே கூட்டிட்டுப் போனேன். அவங்களுக்கெல்லாம் நான் என்ன சொல்லுவேன்?"

வெளியே மோட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. மற்ற பெண்கள் பஸ்ஸுக்கு நடந்தார்கள். மேசையில் அவர்களுக்கென்று ஊற்றி வைத்த தேத்தண்ணீர் ஆடை படிந்துபோய் அப்படியே இருந்தது. அடுத்த அமர்வு தொடங்க மணி அடிக்கச் சொல்லி யாரோ வந்து கேட்டார்கள். சற்குணம் மணி அடித்தாள்.

நாகநாதனும் வந்திருந்தான் என்பது அவளுக்கு மாலையில்தான் தெரிந்தது. தூண் ஓரமாக நின்று கேட்டிருக்கிறான். ஆங்கிலம் தெரிந்தவன். பெயரில்லாத அந்தப் பெண்களில் ஒருத்தியின் குழந்தை பிறந்த அன்றே போனது என்ற வரி வந்தபோது, அவளைத் தவிர, அது யார் என்று அந்தக் கூடத்தில் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவன்தான்.

மறுநாள் காலை காரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "வா" என்றான்.

பத்து லஞ்சாங் என்ற இடத்திலிருந்த இடுகாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வேலியோரம், சரிவில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பகுதி. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. இங்கும் அங்கும் நடந்து பார்த்து, ஓரிடத்தில் நின்றான்.

"இதுக்குப் பக்கத்துலதான். சரியா எதுன்னு எனக்கு இப்பத் தெரியல."

"தனியாவா வந்தீங்க?"

"ம். டாக்ஸில. மடியில வச்சிக்கிட்டு வந்தேன். டாக்ஸிக்காரன் ஏதோ சாமான்னு நினைச்சுட்டான் போல. வழியெல்லாம் பந்து விளையாட்டைப் பத்திப் பேசிக்கிட்டே வந்தான். நானும் பதில் சொல்லிட்டே வந்தேன்."

சற்குணம் அவனைப் பார்த்தாள். தன்னைப் போலவே இவனும் இத்தனை வருஷம் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருவரும் புல்லில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்கள். வெயில் ஏறிய பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் சந்திரிகாவின் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவள் கிலாங்கையும் விட்டுவிட்டு, தாசேக் கெலுகோரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சற்குணம் கேள்விப்பட்டு ஓடினாள். அண்ணி வாசலில் நின்று, "அவ வீட்டுல இல்லீங்க" என்றாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனதைச் சற்குணம் கேட்டாள். வாங்கிப் போன பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த முறையும் அப்படியே.

மாநாடு மறுவருஷமும் நடந்தது; ஜன்னத் அமைப்பாளர். அதற்கடுத்த வருஷமும் நடந்தது. பிறகு கல்லூரி வேறு கைக்கு மாறி, மாளிகை இடிபட்டு, மாநாடும் நின்றுபோனது. மீரான் கோலாலம்பூர் போனான். பெரிய அளவில் மறுபடி செய்யலாம், ஆயிரம் பெண்களைப் பார்க்கலாம் என்று சற்குணம் இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பார்த்தாள். கழுவும் பகுதியே இப்போது இல்லை, இயந்திரம் வந்துவிட்டது, எதற்கு என்றார்கள். அவள் ஒரு இடைநிலைப் பள்ளியில் ஆசிரியையானாள். பிள்ளைகளிடம் கண்டிப்பானவள் என்று பெயர்.

தாசேக் கெலுகோருக்குப் போவதை மட்டும் அவள் விடவில்லை. பள்ளி விடுமுறை வந்தால் பஸ் ஏறிவிடுவாள். நான்காவதோ ஐந்தாவதோ முறை, சந்திரிகாவே கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். முன்மயிர் நரைத்திருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள். இருவரும் விலைவாசியைப் பேசினார்கள், மழையைப் பேசினார்கள். பழைய மேற்பார்வையாளர் செத்துப்போன செய்தியைச் சொன்னபோது சந்திரிகா அவர் நடையை நடித்துக் காட்டவில்லை.

கிளம்புகிற நேரத்தில் அவளே கேட்டாள். "அந்தப் பேப்பர் வச்சிருக்கீங்களாக்கா?"

"வச்சிருக்கேன்."

"எடுத்துட்டு வாங்க. எனக்குத் தமிழ்ல சொல்லுங்க. அன்னிக்கு ஒண்ணும் புரியாமலே கை தட்டிட்டேன்."

அடுத்த விடுமுறையில் சற்குணம் அதைக் கொண்டுபோனாள். சமையலறையில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னாள். சந்திரிகா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஓரிடத்தில் நிறுத்தி, "இது நம்ம கிலாங்கு காமாரியா சொன்னது," என்றாள். இன்னோரிடத்தில், "இது நான்தானே?" என்றாள். ஆமாம் என்றாள் சற்குணம். கடைசி வரி வந்ததும் அதை மறுபடி சொல்லச் சொன்னாள். சற்குணம் மறுபடி சொன்னாள்.

"அவங்களால கண்டுபிடிக்க முடியல. அப்படித்தானே?"

"என்னால முடியல, சந்திரி."

சந்திரிகா கீரைத் தண்டுகளைக் கூட்டி அள்ளினாள். "சாப்பிட்டுட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.